பாஞ்சாலி எழுதிய பெயர்

எங்கள் கடைக்கு 'அன்பு ஜெராக்ஸ்' என்று பெயர். அன்பு என் வீட்டுக்காரர். பெயர்ப் பலகையில்தான் அன்பு. கடையில் நிற்பது எழிலரசியாகிய நான். எனக்கு அன்பாகப் பேச வராது. ஆதார் அட்டையை ஈரக் கையோடு நீட்டுகிறவர்கள், எத்தனை காப்பி என்று கேட்டால் "எத்தனை வேணுமோ அத்தனை" என்கிறவர்கள், எல்லாரிடமும் எரிந்து விழுவேன். அப்படியும் கூட்டம் குறையவில்லை. காரணம் நான் இல்லை, பக்கத்துக் கதவு.

பக்கத்துக் கதவில் 'தளிர் குடும்ப உதவி மையம்' இருக்கிறது. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டு அறையும் ஒரு சிமென்ட் வாசலும் உள்ள வாடகைக் கட்டடம். ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. கட்டட வேலைக்கும் ஓட்டலில் பாத்திரம் கழுவவும் போகிற அம்மாக்கள் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளுக்குக் காலையில் ராகிக் கஞ்சி, மதியம் சோறு, நடுவில் தூக்கம். அம்மாக்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, ஆஸ்பத்திரிக்கு உடன் போவது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பேசுவது. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், பாஞ்சாலி அக்கா. என்னைவிட மூன்று வயது சின்னவர். ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்கிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் இண்டூர். பாரதக் கூத்து நடந்துகொண்டிருந்த நாளில் பிறந்ததால் அப்படி ஒரு பெயர். பிளஸ் டூ முடித்தார், பத்தொன்பது வயதில் கல்யாணம். கணவர் லாரி டிரைவர். மகளுக்கு இரண்டு வயதானபோது தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து அவர் போய்விட்டார். அப்போது இதே மையத்துக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உதவி கேட்டு வந்தவர்தான் பாஞ்சாலி. அவருக்கு யாரோ எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் தவறாக டிக் அடித்துவிட்டதால், ஏழு மாதம் அலைந்தார். அந்தக் கோபத்தில் தருமபுரியில் உள்ள அத்தனை படிவங்களையும் கரைத்துக் குடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எழுதி ஒரு படிவம் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் உண்டு. இருக்கட்டும், இருக்கிறவர்களுக்குத்தானே இருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கும் எனக்கும் ஆகாது. மலையோர ஊர்களிலிருந்து வருகிற பெண்கள் இன்றைக்கும் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். நானானால், "பேரச் சொல்லும்மா, பின்னாடி ஆளு நிக்குது" என்று ஒரு போடு போடுவேன். நான் என் வீட்டுக்காரர் பெயரைத் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்துகிறவள். அவருக்குச் சர்க்கரை தவிர ஒரு குறையும் இல்லை. பாஞ்சாலி அக்கா அப்படிக் கேட்க மாட்டார். அவர் விடுகதை போடுவார்.

"சாமி பேரா, மனுசங்க பேரா?"

"சாமி பேருங்க."

"கோயிலு ஊருக்குள்ளயா, வெளியிலயா?"

"வெளியிலீங்க."

"குதிரை நிக்குமா?"

"நிக்குமுங்க."

அவ்வளவுதான், முனியப்பன் என்று எழுதிவிடுவார். எழுதியதைப் படித்தும் காட்ட மாட்டார், அந்தப் பெண் காதில் கூட விழ வேண்டாமாம். "புரிஞ்சுது கண்ணு" என்று மட்டும் சொல்வார். அவளும் நிம்மதியாகத் தலையாட்டுவாள்.

"இது என்னக்கா கூத்து? படிச்சவங்கதானே நீங்க?" என்று ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"நானும் அவரு பேரைச் சொன்னதில்ல எழிலு" என்றார். "மொதத் தடவையா எப்பச் சொன்னேன் தெரியுமா? எறப்புச் சான்றிதழ் வாங்கப் போனப்ப. செத்தவரு பேரு என்னன்னு ஜன்னலுக்கு உள்ள இருந்து கேட்டாங்க. வரிசைல அத்தனை பேரு முன்னாடி, பூவரசன்னு சொன்னேன். அந்த மாதிரி நான் ஒருத்தியையும் சொல்ல வெக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மையத்துக்கு ஞாயிறு விடுமுறை. ஆனால் கட்டட வேலைக்காரர்களுக்குக் காங்கிரீட் போடுகிற நாள் ஞாயிறா திங்களா என்று இருக்கிறதா என்ன? வெண்மதி என்ற பெண் அன்றைக்கு வேலைக்குப் போனாள். அவளுக்குப் பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், காவிரிக் கரையில் ஒரு சின்ன ஊர். பாதி ஊர் கன்னடம் பேசும், மீதி தமிழ் பேசும். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கணவன் பெங்களூரில் கம்பி கட்டுகிற வேலை. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவன், எட்டு மாதமாக வரவில்லை. போனும் அணைத்தே கிடக்கிறது. அவளும் மகள் காவியாவும் தருமபுரியில் ஒற்றை அறையில் இருந்தார்கள். காவியாவுக்கு நாலரை வயது. மையத்தில் நாளெல்லாம் பேசித் தீர்க்கிற வாயாடி.

வெண்மதி மகளை மணல் குவியல் பக்கம் நிழலில் உட்கார வைத்து, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுச் சட்டி தூக்கப் போனாள். மூன்று மணிக்கு வந்து பார்த்தால் பாக்கெட் இருக்கிறது, பிள்ளை இல்லை. அடுத்த இரண்டு மணி நேரம் அவள் எப்படி இருந்தாள் என்று நான் எழுத மாட்டேன்.

பிள்ளை நடந்து நடந்து பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருக்கிறது. பூ விற்கிற ஒரு அம்மா தனியாக நிற்கிற குழந்தையைப் பார்த்து, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டார். நல்ல காரியம். அவர்கள் வந்து, விசாரித்து, யாரும் தேடி வராததால் குழந்தைகள் இல்லத்தில் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வெண்மதி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியபோது இந்தச் செய்தி கிடைத்தது. குழந்தை நலமாக இருக்கிறது. ஆனால் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டால்தான் கையில் கொடுப்பார்கள். திங்கட்கிழமை ஆவணங்களோடு வர வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாஞ்சாலி அக்கா வெண்மதியோடு என் கடைக்கு வந்தார். வெண்மதிக்கு அழுது அழுது முகம் ஊதியிருந்தது. குடும்ப அட்டை, ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் நான்கரை வருடமாகப் பெட்டியிலேயே கிடந்தது. மடிப்பு கூடக் கலையவில்லை. கண்ணாடி மேல் வைத்தேன். பார்த்துவிட்டு, என் வாய் சும்மா இருக்குமா?

"குடும்ப அட்டைல வூட்டுக்காரரு மாதேஷ்னு இருக்குது. இதுல அப்பா பேரு அய்யப்பன்னு இருக்குது. யாரும்மா இந்த அய்யப்பன்?"

கடையில் ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேரும் திரும்பி வெண்மதியைப் பார்த்தார்கள். அந்த வாக்கியத்தைத் திரும்ப விழுங்க முடியுமானால் விழுங்கியிருப்பேன்.

"அய்யப்பனா? அது யாருங்க?" என்றாள் அவள்.

பாஞ்சாலி அக்கா சான்றிதழை வாங்கிப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். பிறகு என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான்" என்றார்.

2020, கொரோனா காலம். பிரசவ வார்டில் கூட வந்தவர்களை உள்ளே விடவில்லை. பிறப்பு விவரம் எழுத ஆள் போதாமல், மையத்திலிருந்து பாஞ்சாலி அக்கா போய்த் தினமும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். வெண்மதிக்கு அது தலைப்பிரசவம். கணவன் பெங்களூரில் மாட்டிக்கொண்டான். அவளுடைய அம்மா அட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு வெளிக் கேட்டில் நின்றார். முகக்கவசத்துக்குள் இருந்து வெண்மதி சொன்னாள்: "சாமி பேருங்க. மலை மேல இருக்குமுங்க. புலி மேல வருமுங்க." மலை, புலி. பாஞ்சாலி அக்காவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அய்யப்பன் என்று எழுதிவிட்டு, புரிஞ்சுது கண்ணு என்றார்.

வெண்மதியின் ஊரில் மலை என்றால் ஒரே மலை, மாதேஸ்வரன் மலை. அங்கே புலி மேல் வருகிறவர் மாதேஸ்வரன். அந்தப் பக்கத்தில் அந்தச் சாமி பேரில் வீட்டுக்கு ஒரு மாது, தெருவுக்கு ஒரு மாதேஷ். இது எனக்கே தெரியும். அவருக்கும் தெரியும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அந்த ஆனை அடி சறுக்கி ஒரு பெண்ணின் மேல் விழுந்திருந்தது.

"அந்தச் சான்றிதழ் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிருங்க" என்று நான் யோசனை சொன்னேன்.

"நம்பரைத் தட்டினா கம்ப்யூட்டர்ல வந்துரும். பொய்யும் சேர்ந்துக்கும்" என்றார். "நீயும் கூட வா எழிலு. பாப்பாவத் தெரிஞ்சவங்க ஒருத்தர் சாட்சிக்கு வேணும்." கடையை அன்புவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

குழுவின் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தலைவர், சோபனா மேடம். சத்தம் போடாமல், அவசரப்படாமல் பேசுகிறவர். தாள்களை வரிசையாக வைத்தார். பிறப்புச் சான்றிதழில் அப்பா அய்யப்பன். குடும்ப அட்டையில் கணவர் மாதேஷ். மூன்றாவதாக, நேற்றுக் குழந்தை சொன்னதை எழுதிய தாள். அதில் அப்பா பெயர் காவியப்பன்.

"இது யாரும்மா மூணாவதா?" என்றார்.

வெண்மதிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவள் வீட்டில் கணவனைக் குறிப்பிடுவதே 'காவியாப்பா' என்றுதான். பிள்ளைக்கு அப்பாவின் பெயராகத் தெரிந்தது அது ஒன்றுதான். கேட்டவர்களிடம் காவியாப்பா என்று சொல்லியிருக்கிறது, எழுதியவர் நல்ல தமிழில் காவியப்பன் ஆக்கிவிட்டார். நான் எழுந்து இதைச் சொன்னேன். மேடம் கேட்டுக்கொண்டார், சிரிக்கவில்லை.

"சரி, இதை விட்டுடலாம். அய்யப்பன்?"

பாஞ்சாலி அக்கா எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். எப்போதும் மணி மணியாகப் பேசுகிறவர், அன்றைக்கு முன்னும் பின்னுமாகக் குழப்பிச் சொன்னார். மலை, புலி, முகக்கவசம், விடுகதை. கேட்கக் கேட்க எனக்கே அது கட்டிய கதை மாதிரி இருந்தது.

"நீங்க உதவி செய்யறவங்க, எனக்குத் தெரியும்" என்றார் மேடம். "ஆனா மாதேஷ் எப்படிம்மா அய்யப்பன் ஆகும்? நாளைக்கே அய்யப்பன்னு ஒருத்தர் வந்து, என் பிள்ளைய யாருகிட்டக் குடுத்தீங்கன்னு கேட்டா, நாங்க என்ன சொல்றது? அப்படி ஒருத்தர் இருக்காரான்னு விசாரிக்கச் சொல்லணும், நோட்டீஸ் விடணும். அதுவரைக்கும் பாப்பா இல்லத்துல இருக்கட்டும்."

"எத்தனை நாளைக்குங்க?" என்றாள் வெண்மதி.

"ரெண்டு மாசம் ஆகலாம். மூணும் ஆகலாம்."

வெண்மதி அழவில்லை. நாற்காலியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். இல்லாத ஒரு மனிதனைத் தேடி முடிக்கும் வரைக்கும் நாலரை வயதுப் பிள்ளை அம்மா இல்லாமல் தூங்க வேண்டும். மேடத்தின் மேலும் கோபப்பட முடியவில்லை. தாயென்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க அவரால் முடியுமா?

கடைசியாக ஒன்று கேட்டார். "சரி, உங்க வாயால சொல்லுங்க வெண்மதி. உங்க கணவர் பேரு என்ன?"

வெண்மதி உதட்டை மடித்துக்கொண்டு பாஞ்சாலி அக்காவைப் பார்த்தாள். அக்கா பழக்கத்தில் வாயைத் திறந்தார்.

"நீங்க சொல்லாதீங்க. ஏற்கெனவே நீங்க சொன்னதுதான் இங்க வந்து நிக்குது" என்றார் மேடம்.

அக்கா வாயை மூடிக்கொண்டார். வெண்மதி தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள்:

"சாமி பேருங்க மேடம். மலை மேல இருக்குமுங்க. புலி மேல வருமுங்க."

"யாரு, அய்யப்பனா?" என்றார் சோபனா மேடம்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்தவர் இருமினார், அது இருமல் இல்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கிற இடமா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பாஞ்சாலி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேடம் சான்றிதழை மறுபடி எடுத்துப் பார்த்தார். "உட்காருங்க பாஞ்சாலி. நீங்க செஞ்ச தப்ப நானும் இப்பச் செஞ்சேன். நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இவங்க சாட்சியா எழுதட்டும். சான்றிதழைத் திருத்த மனு குடுங்க. இன்னைக்கே பாப்பாவ அனுப்பறோம்." பிறகு வெண்மதி பக்கம் திரும்பினார். "ஆனா உங்க வாக்குமூலத்துல கணவர் பேரு நீங்க சொன்னதா இருக்கணும். புலி, மலைன்னு நான் எழுத முடியாது. அக்கா சொன்னதா எழுதவும் மாட்டேன்."

வெண்மதி எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். ஒரு தடவை வாயைத் திறந்து மூடினாள். பாஞ்சாலி அக்கா அவளைப் பார்க்கவே இல்லை. யாரையும் சொல்ல வைக்க மாட்டேன் என்றவர், அவளைச் சொல்ல வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாதேஷ்" என்றாள் வெண்மதி.

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கேட்கவில்லை போல, நிமிர்ந்து பார்த்தார்.

"மாதேஷுங்க. எங்க வூட்டுக்காரரு பேரு மாதேஷ்."

இதில் என்ன இருக்கிறது என்று இத்தனை வருடம் கேட்டவள் நான்.

பாஞ்சாலி அக்கா தன் வாக்குமூலத்தை எழுதி முடித்தார். கடைசியில் யாரும் கேட்காமலே ஒரு வரி சேர்த்தார்: 'அந்த ஆண்டு வார்டில் நான் எழுதிய மற்ற அறுபத்தொரு படிவங்களையும் வீடு வீடாகச் சென்று சரிபார்ப்பேன்.' எனக்கு எரிச்சலாக வந்தது. "இதை யாருக்கா எழுதச் சொன்னாங்க? இதுக்காக மையத்துல உங்களக் கேள்வி கேக்க மாட்டாங்களா?" என்று காதோடு கேட்டேன். "கேக்கட்டும்" என்றார். அந்த ஊர்களெல்லாம் கடத்தூர் முதல் காவிரிக் கரை வரைக்கும் சிதறிக் கிடக்கின்றன. விடுமுறை என்று அவருக்கு இருப்பது ஞாயிறு ஒன்றுதான்.

நாலு மணிக்கு இல்லத்திலிருந்து காவியாவைக் கூட்டிவந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டிருந்தார்கள். ஓடி வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "நீ ஏம்மா காணாமப் போயிட்ட?" என்று கேட்டது. வெண்மதி அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, வெட்கம் இல்லாமல் அழுதாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். பிள்ளை அவள் தோளிலேயே தூங்கிவிட்டது. பாஞ்சாலி அக்கா பின்னால் வந்துகொண்டிருந்தார். வெண்மதியின் முகம் தெளியவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கம் இல்லை, இருந்தாலும் சொன்னேன்: "பேரைச் சொன்னதால அவருக்கு ஒண்ணும் ஆயிடாது கண்ணு. பயப்படாத."

"பயம் இல்லீங்கக்கா" என்றாள். "எட்டு மாசமா அவுரு வரல. எங்க இருக்காரு, என்ன தின்னாருன்னு தெரியாது. நான் சோறாக்கிப் போடல, துணி தொவச்சுப் போடல. பேரைச் சொல்லாம இருந்தேன். பொண்டாட்டின்னு அவுருக்கு நான் செஞ்சது அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

கொஞ்ச தூரம் நடந்தாள்.

"இனிமே அதுவும் இல்லீங்க."

பாஞ்சாலி அக்காவுக்கு அது கேட்டிருக்கும். கிட்டே வந்து, தூங்குகிற பிள்ளையை அவளிடமிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். பஸ் வரும் வரைக்கும் மூன்று பேரும் அப்படியே நின்றோம்.